ஒரே நாளில் ஆன்டிகுவா குவாத்தமாலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை விஷயமாகக் குவாத்தமாலா சிட்டிக்கு வருகிறவர்கள், பசிபிக் கரையில் சொகுசுக் கப்பலில் இறங்குகிறவர்கள், மாயா நகரங்களைப் பார்க்கப் போகும் வழியில் தங்குகிறவர்கள் என்று பலருக்கும் ஒரு நாள் கையில் மிஞ்சும். அந்த ஒரு நாளை ஆன்டிகுவாவுக்குக் கொடுக்கலாமா, கொடுத்தால் எப்படிச் செலவிடுவது என்று கேட்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். தெருவுக்குக் குறுக்கே நிற்கும் மஞ்சள் வளைவின் கீழே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் இந்த ஊர் கைக்கு அகப்படாது. ஒரு தலைநகரத்தை அரசாங்கமே கைவிட்டுப் போன பிறகும் அதை விடாமல் வைத்திருந்தவர்களின் ஊர் இது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தோடு எழுதியவை.

கிரிக்கெட்டில் வருகிற ஆன்டிகுவாதானே இது?

இல்லை. அது கரீபியன் கடலில் உள்ள தீவு, விவியன் ரிச்சர்ட்ஸ் பிறந்த இடம். இது மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலா நாட்டின் மலைநாட்டில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய தலைநகரம். விமான டிக்கெட் தேடும்போது இரண்டும் குழப்பும், கவனம். இந்த ஆன்டிகுவாவுக்குப் பயணிகள் விமானம் கிடையாது. குவாத்தமாலா சிட்டியின் லா அவுரோரா விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாகத்தான் போக வேண்டும்.

ஒரு நாள் போதுமா?

ஊரின் நடுப்பகுதி சிறியது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். அதனால் ஒரு நாளில் நிறையப் பார்க்கலாம் என்று தோன்றும். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இடிந்த கோயில்களும் மடங்களுமாக முப்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எட்டிப் பார்க்க ஓடினால் மத்தியானத்துக்கு மேல் ஒரு சுவரும் இன்னொரு சுவரும் ஒன்று போலத் தெரியும். இடிபாடுகளில் இரண்டு, உயிரோடு இருக்கும் கோயில் ஒன்று, சந்தை, நெசவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு அது நிறைவான அளவு.

ஊர் முழுக்க இத்தனை இடிபாடுகள் ஏன்? ஏன் யாரும் திரும்பக் கட்டவில்லை?

இதைத் தெரிந்துகொண்டு போனால் பார்க்கிற ஒவ்வொரு கல்லுக்கும் அர்த்தம் வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பானியர்கள் 1524இல் கக்சிக்கேல் மாயர்களின் கோட்டை நகரான இக்சிம்சே பக்கத்தில் தங்கள் முதல் தலைநகரத்தை நிறுவினார்கள். கக்சிக்கேல் மக்கள் கிளர்ந்தெழுந்ததால் அங்கே நிலைக்க முடியவில்லை. 1527இல் ஆகுவா எரிமலையின் அடிவாரத்துக்கு மாறினார்கள். இந்த நாட்டைப் போரிட்டுப் பிடித்த பெத்ரோ தே அல்வராதோ 1541இல் மெக்சிகோவில் இறந்ததும், அவர் மனைவி பெயாத்ரிஸ் தே லா குவேவா ஆளுநராகப் பொறுப்பேற்றார். 'அதிர்ஷ்டம் கெட்டவள்' என்று தன் பெயரோடு சேர்த்துக் கையெழுத்திட்டார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. ஒன்றிரண்டு நாள்தான். விடாமல் பெய்த மழையில் எரிமலைச் சரிவிலிருந்து சேறும் பாறையும் பெருக்கெடுத்து இறங்கி ஊரை மூடியது. அவரும் அதில் போய்விட்டார்.

மிஞ்சியவர்கள் பக்கத்திலிருந்த பாஞ்சோய் பள்ளத்தாக்குக்கு வந்து 1543இல் அமைத்ததுதான் இன்று நாம் பார்க்கும் ஊர். அன்றைய பெயர் சாந்தியாகோ. இன்றைய மெக்சிகோவின் சியாபாஸ் தொடங்கி கோஸ்டாரிக்கா வரைக்குமான நிலப்பரப்பை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கிருந்துதான் ஆண்டார்கள். 1660இல் அச்சகம் வந்தது, 1676இல் பல்கலைக்கழகத்துக்கு அரச ஆணை கிடைத்தது. இதையெல்லாம் கட்டிய கைகள் மாயர்களுடையவை. தொடக்கத்தில் அவர்கள் அடிமைகளாக இருந்தார்கள். 1549ஐ ஒட்டி விடுதலை பெற்றவர்கள் ஊரைச் சுற்றியும் விளிம்பிலும் குடியேறினார்கள். அதன் பிறகும் வரியும் கட்டாய வேலையும் அவர்களை விடவில்லை. வழிகாட்டிகள் பலர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

நிலநடுக்கங்கள் வந்தபடியே இருந்தன. 1717இல் பலமாக ஒன்று வந்தது. விழுந்ததை இன்னும் தடிமனாகக் கட்டினார்கள். சுவர்கள் ஆள் நீளத்துக்கு அகலம், தூண்கள் குட்டையும் பருமனும், மணிக்கூண்டுகள் தோளுக்கு மேல் எழாத தலை போல. ஆன்டிகுவா கோயில்களின் அந்தக் கனத்த உருவம் பயத்திலிருந்து பிறந்தது. பிறகு 1773 ஜூலை 29, புனித மார்த்தா திருநாளன்று வந்த நடுக்கம் ஊரைக் குலைத்துப் போட்டது.

அதற்குப் பிறகு நடந்தது இயற்கையின் வேலை அல்ல, மனிதர்களின் சண்டை. ஆளுநர் மார்த்தின் தே மயோர்கா, தலைநகரத்தையே வேறு பள்ளத்தாக்குக்கு மாற்ற வேண்டும் என்றார். பேராயர் பெத்ரோ கோர்த்தெஸ் இ லாராஸ், முடியாது, இங்கேயே திரும்பக் கட்டலாம் என்று நின்றார். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஆளுநர் பக்கம் வென்று, 1776இல் தலைநகரம் இன்றைய குவாத்தமாலா சிட்டிக்குப் போனது. கோயில்களின் சுரூபங்கள் (புனிதர் சிலைகள்), மணிகள், கதவுகள், உத்தரங்கள் என்று எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரைக் காலி செய்யும்படி உத்தரவு வந்தது. பேராயர் சில ஆண்டுகள் பிடிவாதமாக அங்கேயே இருந்தார். அவர் போன பிறகும் ஏழைகள், கைவினைஞர்கள், சிறு வியாபாரிகள் போகவில்லை. போவதற்கு அவர்களுக்கு வசதியும் இல்லை, மனமும் இல்லை. இடிந்த மடங்களுக்குள் குடியிருந்தார்கள், சந்தை போட்டார்கள், தோட்டம் வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காபி வந்ததும் ஊருக்குத் திரும்பவும் காசு வந்தது. ஆனால் பெரிய மடங்களைக் கட்டியெழுப்புகிற அளவு பணமோ ஆளோ இல்லை. அப்படியே நின்றுவிட்டன.

1944இல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள், 1969இல் தனிச் சட்டம் வந்தது, 1979இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இன்று எந்தக் கடைக்கும் மின்னும் விளம்பரப் பலகை கிடையாது. வீட்டுக்கு அடிக்கும் வண்ணத்துக்குக்கூட விதி உண்டு.

குவாத்தமாலா சிட்டியிலிருந்து எப்படிப் போவது?

தூரம் 40 கிலோமீட்டர்தான், ஆனால் தூரத்தைப் பார்த்து நேரம் கணக்கிடாதீர்கள். தலைநகரின் போக்குவரத்து நெரிசல் கடுமை. விடிந்த உடனே கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். எட்டு மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. ஊபர் கிடைக்கும். பலர் சேர்ந்து போகும் ஷட்டில் வேன்களும் விடுதி வாசலிலேயே ஏற்றிக்கொள்ளும். முதல் முறை போகிறவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் நல்லது.

கமியோநெத்தா என்று அழைக்கப்படும் வண்ணப் பேருந்துகளும் ஓடுகின்றன. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் பழசாகிப்போன பேருந்துகளை வாங்கி, எஞ்சினைச் சீரமைத்து, உடம்பு முழுக்க வண்ணம் தீட்டி ஓட்டுகிறார்கள். பார்க்க அழகு, கட்டணமும் குறைவு. ஆனால் தலைநகருக்குள் இந்தப் பேருந்துகளில் வழிப்பறி நடப்பதுண்டு. ஏறிப் பார்க்க ஆசையென்றால் ஆன்டிகுவாவிலிருந்து பக்கத்துக் கிராமத்துக்குப் போகும்போது ஏறுங்கள்.

பசிபிக் கரையின் புவெர்த்தோ கெட்சால் துறைமுகத்தில் இறங்குகிறவர்கள், போகவும் வரவும் ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும். கப்பல் காத்திருக்காது.

ஊருக்குள் வழி கண்டுபிடிப்பது கஷ்டமா?

இல்லவே இல்லை. சதுரங்கக் கட்டம் போட்ட ஊர். கிழக்கு மேற்காகப் போவது கய்யே, வடக்கு தெற்காகப் போவது அவெனிதா, நடுவில் மத்தியப் பூங்கா. தெருவில் நின்று பாருங்கள்: பெரிய கூம்பாக ஆகுவா எரிமலை தெரிகிற பக்கம் தெற்கு. மேகம் மூடாத வரைக்கும் வேறு திசைகாட்டி வேண்டாம்.

போனதும் முதலில் எங்கே?

வடக்கே உள்ள சிலுவைக் குன்றுக்கு, செர்ரோ தே லா குரூஸ் என்பார்கள். மேகம் ஏறுவதற்கு முன்னால், காலையிலேயே போய்விடுங்கள். அங்கிருந்து ஊரின் மொத்தக் கட்டமும் கீழே விரிந்து கிடக்கும். அதற்குப் பின்னால் 3,760 மீட்டர் உயர ஆகுவா. வலப்பக்கம் அகதெனாங்கோவும், அடிக்கடி புகை கக்கும் ஃபுவேகோவும். 1541இல் சேறு எந்தப் பக்கம் இறங்கியது, 1543இல் ஏன் இந்தத் தட்டை நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதெல்லாம் அந்த இடத்தில் நின்றால் தானே புரியும். கீழே பச்சைப் புள்ளிகளாகத் தெரியும் முற்றங்களைக் கவனியுங்கள். தெருவிலிருந்து பார்த்தால் வெறும் சுவர்தான். வீடுகளின் வாழ்க்கை எல்லாம் அந்த முற்றங்களில் இருக்கிறது.

மஞ்சள் வளைவு பார்க்கத் தகுந்ததா?

தகுந்ததுதான், ஆனால் ஐந்து நிமிடம் போதும். சாந்தா கத்தலினா வளைவு பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. கன்னியர் மடத்தின் இடம் போதாமல் தெருவுக்கு எதிர்ப்பக்கமும் விரிந்தபோது, அடைபட்ட வாழ்வை ஏற்ற கன்னியர்கள் யார் கண்ணிலும் படாமல் கடந்து போவதற்கு ஒரு மூடிய பாதை தேவைப்பட்டது. அந்தப் பாதைதான் இந்த வளைவு. மேலே இருக்கும் மணிக்கூண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்த்தது. காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் கூட்டம் இருக்காது.

அதே தெருவில் வடக்கே நடந்தால் லா மெர்செத் கோயில் வரும். 1767இல் முடிந்தது, ஆறே ஆண்டில் பெரிய நிலநடுக்கம். கோயில் தாங்கி நின்றது. மஞ்சள் முகப்பு முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக்காரையில் கொடியும் இலையும் பழமுமாக வேலைப்பாடு. தூண்களைச் சுற்றிக் கொடிகள் ஏறுவதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பக்கத்து மடத்தின் இடிந்த முற்றத்தில் மிகப் பெரிய கல் நீரூற்று ஒன்று இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம். மாடிக்கு ஏறவும் விடுவார்கள்.

இடிபாடுகளில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால்?

கப்புச்சினாஸ் ஒன்று, லா ரெகொலெக்சியோன் இன்னொன்று. யோசிக்காமல் சொல்வேன்.

கப்புச்சினாஸ் 1736இல் திறந்த கன்னியர் மடம். வரைந்து கட்டியவர் தியேகோ தே போர்ரெஸ், இந்த ஊரின் பெரிய கட்டடக் கலைஞர். மத்தியப் பூங்காவில் உள்ள கடற்கன்னி நீரூற்றும் அவர் கைவேலைதான். அந்தக் காலத்தில் மகளை மடத்தில் சேர்க்கப் பெரும் தொகை கட்ட வேண்டும். இந்த மடத்தில் அது வேண்டாம். அதனால் வசதியில்லாத வீட்டுப் பெண்களும் வர முடிந்தது. உள்ளே வட்டமான ஒரு கட்டடம் இருக்கிறது. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி பதினெட்டுச் சிற்றறைகள். ஓர் அறைக்குள் நுழைந்து நின்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டினால் ஏறக்குறைய சுவரைத் தொடும் இடம். பக்கத்தில் சின்னக் கழிவறை, கீழே வடிகால். அடுத்த அறைக்காரியின் முகம் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் ஒரே வட்ட வானம். அதற்கு அடியில் ஒரு நிலவறை உண்டு. ஒரே பருத்த தூண் மொத்தக் கூரையையும் குடை போலத் தாங்குகிறது. அது எதற்குப் பயன்பட்டது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நடுவில் நின்று மெதுவாகப் பேசினால் குரல் சுற்றிச் சுற்றி வரும். இந்த மடத்தில் கன்னியர்கள் வாழ்ந்தது நாற்பது ஆண்டுகூட இல்லை.

லா ரெகொலெக்சியோன் ஊரின் மேற்கு விளிம்பில், பேருந்து நிலையத்தைத் தாண்டி இருக்கிறது. கூட்டம் குறைவு. இங்கே விழுந்ததை விழுந்தபடியே விட்டிருக்கிறார்கள். வாகன அளவுக்குப் பெரிய கூரைத் துண்டுகள் கோயில் நடுவில் தலைகீழாகக் கிடக்கின்றன. ஒரு துண்டின் பக்கத்தில் குனிந்து பார்த்தால் செங்கல் வரிசையும் காரையும் அப்படியே சேர்ந்திருக்கும். செங்கலை விட்டுக் காரை பிரியவே இல்லை, கட்டடம்தான் உடைந்திருக்கிறது. கொத்தனார் வேலை தெரிந்தவர்கள் இங்கே வெகுநேரம் நின்றுவிடுவார்கள். 1773 என்ற எண்ணுக்கு எடை கொடுக்கும் இடம் இது.

நேரம் இருந்தால் பேராலயத்தின் பின்பக்கம். முன்னால் இருக்கும் சிறிய கோயில், பழைய பேராலயத்தின் வாசல் பகுதி மட்டுமே. பின்னால் போனால் கூரையில்லாத பெரிய மண்டபங்கள் திறந்து கிடக்கும். கவிகை மாடங்கள் இருந்த இடத்தில் வட்டமாக வானம்.

நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு அதிகம். சுவர் காக்கத்தான் அந்தப் பணம் என்று நினைத்துக் கொடுங்கள்.

மக்கள் வழிபடுகிற இடம் எதையாவது பார்க்க முடியுமா?

சான் பிரான்சிஸ்கோ கோயிலுக்குப் போங்கள். புனித பெத்ரோ தே பெத்தன்கூர் அங்கே அடக்கமாகியிருக்கிறார். 1626இல் கானரித் தீவுகளின் தெனெரிஃபேயில் பிறந்து, இளைஞனாக இங்கே வந்து, வீடில்லாதவர்களுக்கும் நோயிலிருந்து தேறி வருகிறவர்களுக்கும் மருத்துவமனை நடத்தியவர். இரவில் கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பாவிகளுக்காக ஜெபிக்கச் சொல்வாராம். 1667இல் இறந்தார். இரண்டாம் ஜான் பால் 2002இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். ஊர்க்காரர்களுக்கு அவர் வெறும் சகோதரர் பெத்ரோதான்.

கல்லறைப் பக்கம் நேர்த்திக்கடன் தகடுகள், புகைப்படங்கள், நன்றிக் கடிதங்கள். கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெபிக்கும். அந்த நேரத்தில் கேமராவை மடக்கிவிடுங்கள். தொப்பியைக் கழற்றுங்கள், முழங்காலை மூடும் உடை போட்டுப் போங்கள்.

நெசவுத் துணி வாங்க விரும்புகிறேன். ஏமாறாமல் வாங்குவது எப்படி?

மாயப் பெண்கள் அணியும் மேலாடை ஹுய்ப்பில். ஊருக்கு ஊர் நிறமும் வடிவமும் மாறும். தெரிந்தவர்கள் துணியைப் பார்த்தே ஊர் சொல்லிவிடுவார்கள். இது கண்காட்சி உடை இல்லை. உள்நாட்டுப் போர்க் காலத்தில், அடையாளம் தெரிந்தால் ஆபத்து என்று பல பெண்கள் இதைக் களைய வேண்டியிருந்தது. இன்று இதை உடுத்திக்கொண்டு வேலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் பெரும் உறுதி இருக்கிறது.

நெய்வதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் சான் அந்தோனியோ ஆகுவாஸ் கலியெந்தெஸ் கிராமத்துக்குப் போங்கள், வண்டியில் அரை மணி நேரத்துக்குள். இடுப்புத்தறி என்பது சில குச்சிகளும் நூலும்தான். பாவின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டுவார்கள். மறுமுனை, நெய்கிற பெண்ணின் இடுப்பைச் சுற்றிய பட்டையில் மாட்டியிருக்கும். மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் வந்தால் தளரும். உடம்பே தறியின் ஒரு பாகம். ஊடை போட்டதும் வழுவழுப்பான மரவாளால் அடித்து இறுக்குகிறார். பிறகு விரலால் பாவு நூல்களை எண்ணிப் பிரித்து, வண்ண நூலைக் கையால் கோத்துப் பூவோ பறவையோ உண்டாக்குகிறார். எதிரில் வரைபடம் எதுவும் கிடையாது. ஒரு நல்ல ஹுய்ப்பில் முடிய மாதக்கணக்கில் ஆகும்.

சரி, வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சடித்த துணியென்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும். கையால் கோத்ததில் பின்னால் நூல் ஓட்டம் தெரியும். இந்தக் கிராமத்தின் உயர்ந்த வேலையில் இரண்டு பக்கமும் ஒன்று போலவே இருக்கும். எது முன்பக்கம் என்று நெய்தவரைத்தான் கேட்க வேண்டும். விலையில் கொஞ்சம் பேசலாம், வழக்கம்தான். ஆனால் மாதக்கணக்கான வேலையைப் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். பணம் போதவில்லையென்றால் சிறிய துண்டு ஒன்றை நெய்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். தங்கள் வடிவங்களை நிறுவனங்கள் எடுத்து அச்சடித்து விற்பதை எதிர்த்து மாயா நெசவுப் பெண்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். 'கார்னே' (இறைச்சி) இல்லாமல் என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும். 'நோ கோமோ கார்னே, நி போய்யோ, நி பெஸ்காதோ' என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் சொல்லுங்கள். கறுப்பு பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பதுண்டு. 'சின் மந்தேக்கா' என்றால் கொழுப்பு வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள்.

கல்லில் சுட்ட சோளத் தோர்த்தியா, வெண்ணெய்ப்பழ மசியல், எலுமிச்சையும் உப்பும் தடவிச் சுட்ட சோளம், இளஞ்சோளத்தில் காய்ச்சிய இனிப்புக் கஞ்சி அதோல், பழுத்த நேந்திரம் போன்ற வாழையை மசித்து உள்ளே இனிப்புப் பீன்ஸ் வைத்துப் பொரித்த ரெய்யெனித்தோ. கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். வெண்ணெய்ப்பழத்துக்கு இந்த ஊர் அவ்வளவு பேர் போனது. ஆன்டிகுவாக்காரர்களைப் பச்சை வயிற்றுக்காரர்கள் என்றே மற்ற ஊர்க்காரர்கள் கூப்பிடுவார்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் பெப்பியான் கேளுங்கள். பூசணி விதை, எள், காய்ந்த மிளகாய், தக்காளி எல்லாவற்றையும் வறுத்து அரைத்த குழம்பு. மிளகாய் போட்டும் காரம் குறைவு. வறுத்த மணம்தான் அதன் உயிர்.

காபி எப்படி? ஏலக்காயும் இங்கே விளையுமாமே?

காபி அருமை. மூன்று எரிமலைகளின் மண், உயரம், குளிர்ந்த இரவு எல்லாம் சேர்ந்த அராபிகா. பக்கத்து ஜோகோதெனாங்கோவில் லா அஸோத்தேயா என்ற பண்பாட்டு மையத்தில் காபி அருங்காட்சியகமும், மாயா இசைக்கருவிகளுக்கான தனிக்கூடமும் இருக்கின்றன. மத்தியானம் இரண்டு மணி நேரம் கொடுக்கலாம்.

ஏலக்காய் விளைவது ஆன்டிகுவாவில் அல்ல, வடக்கே ஆல்தா வெரபாஸ் மழைமலைகளில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. இன்று உலகிலேயே அதிகம் ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு குவாத்தமாலா. பெரும்பகுதி அரபு நாடுகளுக்குப் போகிறது. நம் ஏலத் தோட்டக்காரர்கள் விலை பேசும்போதெல்லாம் இந்த நாட்டின் பேர் அடிபடுவது அதனால்தான். ஆனால் உள்ளூர்ச் சமையலில் அதற்கு இடமே இல்லை என்று சொல்லலாம்.

எந்த மாதம் போவது நல்லது? புனித வாரத்தில் போகலாமா?

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை இல்லாத காலம். மே முதல் அக்டோபர் வரை மழை உண்டு, பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் பெய்யும். காலையில் நடந்து முடித்துவிடலாம். இரவில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் போதும்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் தனிக்கதை. தெருக்களில் அல்ஃபோம்ப்ரா என்ற கம்பளங்களை இடுவார்கள். கல் பாவிய தெருவை மணலாலோ மரத்தூளாலோ சமன் செய்து, சாயமேற்றிய மரத்தூளை அச்சு அட்டை வழியே சலித்து வடிவம் போடுகிறார்கள். கலையாமல் இருக்கக் குறுக்கே பலகை போட்டு அதன் மேல் மண்டியிட்டு வேலை. காற்றில் பறக்காமல் அடிக்கடி தண்ணீர் தெளிப்பார்கள். பூ, பைன் இலை, காய்கறி, பழம் எல்லாம் சேரும். இரவு முழுக்க ஒரு குடும்பமே வேலை செய்த கம்பளத்தின் மேல் பவனி நடந்து போகும், சில நிமிடங்களில் தூளாகிவிடும். யாரும் வருந்துவதில்லை, மிதிபடுவதற்காகவே இட்டது. பலர் சேர்ந்து தோள் கொடுக்கும் பெரிய மர மேடைகளில் சுரூபங்கள் வரும். சுமக்கிறவர்கள் ஊதா அங்கி. பெரிய வெள்ளி மாலையில் கறுப்புக்கு மாறுவார்கள். அன்னையின் சுரூபத்தைப் பெண்கள் சுமப்பார்கள். குவாத்தமாலாவின் புனித வாரத்தை யுனெஸ்கோ 2022இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு நாள் பயணத்துக்கு அந்த வாரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாலை அடைபடும், வந்த வண்டி திரும்புவதே பாடு. அதற்குப் பதிலாக அதற்கு முந்தைய தவக்காலத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு கோயிலிலிருந்து பவனி உண்டு, கம்பளமும் உண்டு, மூச்சு விட இடமும் உண்டு.

நவம்பர் 1ஆம் தேதி இந்தப் பக்கம் இருந்தால் ஆன்டிகுவாவைக் காலையில் முடித்துவிட்டு சும்பாங்கோவுக்கோ சாந்தியாகோ சக்காத்தெப்பேக்கெஸுக்கோ போங்கள். இறந்தோர் நினைவாக மூங்கிலும் மெல்லிய தாளும் கொண்டு செய்த, வீட்டைவிட உயரமான வட்டப் பட்டங்களை நிறுத்துவார்கள்.

பாதுகாப்பு, பணம், தண்ணீர்?

பகலில் ஊரின் நடுப்பகுதி பயமில்லாத இடம். சிலுவைக் குன்றுக்கு இருட்டும் நேரத்தில் போகாதீர்கள். பணம் கெட்சால், சந்தைக்கும் கிராமத்துக்கும் சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் வேண்டுமென்றால் வங்கிக்குள்ளே இருப்பதைப் பயன்படுத்துங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா?

போகலாம், ஆனால் தெருக்களைப் பற்றித் தெரிந்துகொண்டு. உருண்டைக் கல் பாவிய தெரு, மேடுபள்ளமான குறுகலான நடைபாதை, ஜன்னல் கம்பிகள் தலை உயரத்தில் வெளியே நீட்டியிருக்கும். சக்கர நாற்காலிக்கு மிகவும் சிரமம். அடி தடித்த ஷூ போடச் சொல்லுங்கள். கொஞ்ச தூரத்துக்கு ஆட்டோ கிடைக்கும், டுக்டுக் என்பார்கள். பலவும் நம் பஜாஜ் தயாரிப்புதான். மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கப்புச்சினாஸும் மத்தியப் பூங்காவும் போதும். பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதே ஒரு பொழுது.

அதே நாளில் எரிமலையும் ஏறிவிடலாமா?

வேண்டாம். பக்காயா ஏற அரை நாள் போகும்; அகதெனாங்கோவுக்கு ஓர் இரவு கூடாரத்தில் தங்க வேண்டும். 2018 ஜூன் 3ஆம் தேதி ஃபுவேகோ வெடித்தபோது சரிவில் இருந்த ஒரு கிராமமே புதைந்தது, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். வேடிக்கைப் பொருளாக நினைத்து அவசரமாக ஏறுகிற மலைகள் அல்ல இவை. எரிமலைக்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள்.

விசா?

குவாத்தமாலா, எல் சால்வதோர், ஹோந்துராஸ், நிகராகுவா நான்குக்கும் சேர்த்துத் தங்கும் நாள் கணக்கு ஒன்றுதான், பொதுவாக 90 நாள். பக்கத்து நாட்டில் கழித்த நாட்களும் அதில் சேரும். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்பதை டிக்கெட் போடும் முன் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். புது டெல்லியில் குவாத்தமாலாவுக்குத் தூதரகம் இருக்கிறது.

திரும்புவதற்கு முன் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால்?

பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தைக்குப் போங்கள், கைவினைச் சந்தை அல்ல, காய்கறிச் சந்தை. சுற்றுக் கிராமங்களின் பெண்கள் ஹுய்ப்பில் உடுத்திக்கொண்டு கூடைகளை முன்னால் வைத்து விற்பார்கள். கக்சிக்கேலில் பேசுவார்கள், நீங்கள் வந்ததும் ஸ்பானியத்துக்கு மாறுவார்கள். வெண்ணெய்ப்பழம் கேட்டால், இன்றைக்குச் சாப்பிடவா நாளைக்கா என்று கேட்டு அதற்கேற்ற பழத்தை எடுத்துத் தருவார்கள். தலைநகரின் மாலை நெரிசலில் மாட்ட வேண்டாமென்றால் மூன்றரை மணிக்கு வண்டியில் ஏறிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையென்றால் இன்னும் முன்னாலேயே. தலைநகர்க்காரர்கள் பாதிப்பேர் ஆன்டிகுவாவிலிருந்து திரும்புகிற நேரம் அது.